கார் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்ஃப் அடித்தால் என்ஜின் பிடிக்கிறது. அப்பாடா என்று சீட்டில் சாய்வதற்குள் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிடுகிறது. திரும்ப அடித்தால் திரும்பவும் அதே கதை. பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை வைத்துக்கொண்டு இந்தத் தொல்லையில் இரண்டு வாரம் அலைந்தவன் நான். தேவையே இல்லாமல் ஒரு பெட்ரோல் பம்ப் வாங்கி மாட்டியவனும்கூட. அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் வண்டி நின்றால் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பகுதி இன்ஜெக்ஷன் (என்ஜினைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் அளவு பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும்) பெட்ரோல் கார்களுக்கானது. டீசல், சிஎன்ஜி பற்றிப் பின்னால் வருகிறது. செல்ஃபே சுற்றாத வண்டி வேறு விஷயம், அதை இங்கே தொடவில்லை.

எதில் ஆரம்பிப்பது? பானெட்டைத் திறக்கட்டுமா?

வேண்டாம். முதலில் சீட்டில் உட்கார்ந்து எண்ணுங்கள். என்ஜின் பிடித்ததிலிருந்து நிற்கும்வரை எத்தனை நொடி? ஒன்றிரண்டு நொடியில் வெட்டினாற்போல நிற்கிறதா, பத்து இருபது நொடி தள்ளாடி நிற்கிறதா, சூடானபின் நிற்கிறதா? இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள்.

அடுத்து, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்து பாருங்கள். மிதித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் பெட்ரோலும் ஸ்பார்க்கும் ஓரளவு சரியாகத்தான் வருகின்றன, காற்றில்தான் கோளாறு என்று சந்தேகப்படலாம். மிதித்தும் நிற்கிறது என்றால் பெட்ரோல், கரண்ட், சாவி இவற்றில் ஒன்று.

மூன்றாவது, கடைசியாக வண்டிக்கு என்ன நடந்தது? பேட்டரி மாற்றினீர்களா, பெட்ரோல் போட்டீர்களா, சர்வீஸ் விட்டீர்களா, பத்து நாள் ஊரில் இல்லையா? பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. என் இரண்டு வாரமும் வீணானது இந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொள்ளாததால்தான்.

ஒன்றிரண்டு நொடியில் சட்டென்று நிற்கிறது. ஆக்ஸிலரேட்டர் மிதித்தாலும் பலனில்லை. என்ன காரணம்?

டேஷ்போர்டில் சாவி படமோ, பூட்டுப் போட்ட கார் படமோ உள்ள விளக்கு ஒன்று இருக்கும். அது வேகமாக மின்னுகிறதா, அணையாமல் எரிகிறதா என்று பாருங்கள். அப்படியானால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. இதுதான் இம்மொபிலைசர். சில மாடல்களில் செல்ஃபே அடிக்க விடாது. சிலவற்றில் என்ஜினை ஓடவிட்டு, ஒன்றிரண்டு நொடியில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை நிறுத்திவிடும். திருடனுக்கு வைத்த பொறி. சொந்தக்காரர் மாட்டிக்கொள்வதும் உண்டு.

சாவியின் தலைப்பகுதிக்குள் சின்ன சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள காயிலிலிருந்துதான் சக்தி பெறுகிறது. அதனால் ரிமோட் பேட்டரி தீர்ந்தாலும் சிப் வேலை செய்யும். சாவி கீழே விழுந்து உடைந்து, கடையில் உறை மட்டும் மாற்றி வாங்கியிருந்தால் சிப்பைப் பழைய உறையிலேயே விட்டிருக்கலாம். வீட்டில் உள்ள இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் முதல் சாவியில்தான் கோளாறு. ஒரே வளையத்தில் இரண்டு கார் சாவிகளைக் கோத்து வைத்திருந்தால் பிரித்துவிட்டு முயலுங்கள், ஒன்று மற்றதைக் குழப்பும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட்டின் பட்டன் செல் தேய்ந்திருக்கலாம். அதை மாற்றும்வரை, பல மாடல்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினால் ஏற்றுக்கொள்ளும்.

சாவி விளக்கு ஒழுங்காக அணைகிறது. அப்படியும் ஓரிரு நொடிதான் ஓடுகிறது.

பெட்ரோல் பம்பைக் கவனியுங்கள். பெரும்பாலான கார்களில் பம்ப் டேங்கிற்குள், பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். ஏசி, ரேடியோ, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒருவரைப் பின்சீட்டில் காதை வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். "ம்ம்ம்" என்று சுமார் இரண்டு நொடி ஒரு முனகல் கேட்டு நிற்க வேண்டும். லைனில் பிரஷர் ஏற்றும் சத்தம் அது. சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே (பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன ஸ்விட்ச்), பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் அதே நம்பர் ரிலே இன்னொன்று, ஹார்னுக்கோ ஃபேனுக்கோ இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் காசு செலவில்லாமல் ரிலேயைச் சோதித்துவிடலாம்.

சத்தம் கேட்டாலே பம்ப் நல்லது என்று அர்த்தமில்லை. முனகும், ஆனால் தள்ளாது. சாவியை மூன்று நான்கு முறை ஆன், ஆஃப் செய்து, ஒவ்வொரு முறையும் முனகல் முடியும்வரை பொறுத்து, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஓடி நின்றால் பிரஷர் நிற்கவில்லை என்று பொருள். சாதாரண இன்ஜெக்ஷன் வண்டிகளில் இந்த பிரஷர் 3 முதல் 4 பார் வரை இருக்க வேண்டும். கேஜ் மாட்டிப் பார்க்காமல் "பம்ப் போய்விட்டது" என்று யார் சொன்னாலும் பர்ஸைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன்.

ஒரு இடைச்செருகல்: எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் போகிறது. சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது.

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை ஓடுகிறது. கையை விட்டதும் நிற்கிறது.

இது மிகச் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடியது. இக்னிஷன் ஸ்விட்சின் உள்ளே 'ஸ்டார்ட்' நிலைக்கு ஒரு தொடுமுனை, 'ஆன்' நிலைக்கு இன்னொன்று. ஆன் முனை தேய்ந்துவிட்டால், சாவி திரும்பி வந்த கணமே கரண்ட் அறுந்து என்ஜின் நிற்கும். சாவியை ஆன் நிலையில் லேசாக ஆட்டும்போது டேஷ்போர்டு விளக்குகள் மினுக்கினால் கிட்டத்தட்ட உறுதி. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். கனமான சாவிக்கொத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டுவது இந்த ஸ்விட்சைச் சீக்கிரம் கெடுக்கும்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. அதுவும் காலையில்தான் அதிகம்.

த்ராட்டில் பாடியில் கரி. என்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் திறந்து மூடும் பாகம் அது. ஐந்தாறு வருடம் ஓடிய, டவுன் டிராஃபிக்கிலேயே காலம் தள்ளும் வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான்.

ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இருக்கும்போது, என்ஜின் 700, 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ஓடுகிறது. அப்போது அதற்கு வேண்டிய காற்று, மூடிய தகட்டின் ஓரத்தில் உள்ள முடியளவு இடைவெளி வழியாகவோ, பக்கத்தில் உள்ள சின்ன ஐடில் வால்வு வழியாகவோதான் போகிறது. என்ஜினிலிருந்து திரும்பி வரும் ஆயில் புகை அந்த விளிம்பில் படிந்து, தோசைக்கல் ஓரத்தில் பிடிக்கும் கரிபோல ஒரு கறுப்பு வளையமாகிவிடும். காலால் மிதித்தால் தகடு விரியத் திறக்கிறது, காற்று கிடைக்கிறது, ஓடுகிறது. காலை எடுத்தால் மூச்சுத் திணறி நிற்கிறது. குளிர்ந்த என்ஜினுக்கு ஐடிலிங்கில் இன்னும் கூடுதல் காற்று வேண்டும், அதனால்தான் காலைத் தொல்லை.

நீங்களே சுத்தம் செய்யலாம். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளாம்பைத் தளர்த்திக் கழற்றினால் தகடு தெரியும். த்ராட்டில் பாடி கிளீனர் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடையுங்கள். உள்ளே நேராகப் பீய்ச்ச வேண்டாம், சென்சார்களுக்கு ஆகாது. முக்கியமாக, கேபிள் இல்லாமல் மோட்டாரால் திறக்கும் த்ராட்டில் என்றால், சாவி ஆனில் இருக்கும்போது விரலை உள்ளே விடாதீர்கள். தகடு எலிப்பொறி மாதிரி மூடும். சாவியை எடுத்துக்கொண்டு, தகட்டை வலுவாகத் தள்ளாமல் துடைக்க வேண்டும்.

சுத்தம் செய்தபின் ஆர்பிஎம் 1500க்கு ஏறி நிற்கிறதே?

கரி இருந்த காலத்தில் கம்ப்யூட்டர் தகட்டைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து வைத்துப் பழகியிருக்கும். இப்போது வழி சுத்தமாகிவிட்டது, அதற்கு இன்னும் தெரியாது. பல வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டினால் தானே சரியாகும். சிலவற்றுக்கு ஸ்கேனர் மாட்டி ஐடில் செட்டிங் புதிதாகச் சொல்லித்தர வேண்டும்.

நேற்றுதான் புதுப் பேட்டரி போட்டேன். இன்று ஆஃப் ஆகிறது. பேட்டரி கடைக்காரர் ஏதாவது கெடுத்துவிட்டாரா?

பாவம், அவரைத் திட்டாதீர்கள். பேட்டரியைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த ஐடில் கணக்கு அழிந்துபோகும். கரி பிடித்த த்ராட்டிலோடு இத்தனை நாள் சமாளித்து வந்தது, இப்போது எழுத்தறியாத குழந்தையாக முதலிலிருந்து தொடங்குகிறது. மேலே சொன்ன பத்து நிமிட வேலையைச் செய்யுங்கள். அதற்கு முன் டெர்மினல் இரண்டும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கையால் திருகிப் பாருங்கள். சுழன்றால் தளர்வு.

என்ஜின் பக்கத்தில் "உஸ்ஸ்" என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கிறது.

இதுதான் என் கதை.

மழைக்காலம், பத்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தேன். வண்டி பிடித்து நான்கைந்து நொடி தள்ளாடி நின்றது. போன இடத்தில் பம்ப் என்றார்கள், மாற்றினார்கள், அப்படியேதான் நின்றது. அடுத்து சென்சார் என்றார்கள். அந்தக் கட்டத்தில், பழக்கமான ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனில் புலம்பினேன். "தம்பி, வண்டி பத்து நாள் சும்மா நின்னுச்சா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் வந்தார். கருவி எதுவும் எடுக்கவில்லை. என்ஜின் மேல் உள்ள பிளாஸ்டிக் மூடியைப் பிடித்துத் தூக்கினார். அடியில் ஒரு துண்டு தேங்காய்ச் சில், சப்பிப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கை, கொஞ்சம் பஞ்சு. என்னை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, வண்டி தள்ளாடிய அந்த நான்கு நொடிக்குள் பின்பக்கம் கையை விட்டு ஒரு ரப்பர் ஹோஸை விரலால் அழுத்திப் பிடித்தார். என்ஜின் சத்தம் அப்படியே இறங்கி, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. விரலை எடுத்தார், நின்றது. "இந்தா, உங்க பம்ப்" என்று சிரித்தார். ஹோஸில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை, ஓரமெல்லாம் பொடிப் பொடியாகப் பல் தடம்.

ஏன் நிற்கிறது? என் வண்டியில் உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி ஓட்டை வழியாக வரும் காற்று கணக்கில் சேராது. கம்ப்யூட்டர் குறைந்த காற்றுக்கு ஏற்பக் குறைந்த பெட்ரோல் கொடுக்கிறது, கலவை மெலிந்து என்ஜின் நிற்கிறது. காற்றை நேராக அளக்காமல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டு குழாயின் பிரஷரை வைத்துக் கணக்கிடும் வண்டிகளில் இதே ஓட்டை, நிற்பதற்குப் பதில் ஐடிலிங்கை ஏற்றிவிடும். ஆகவே ஒரே ஓட்டை, இரண்டு வண்டியில் இரண்டு குணம்.

எலி இல்லாவிட்டாலும் ரப்பர் வெயிலில் வெடிக்கும், சர்வீஸில் கழற்றிய குழாயின் கிளாம்பை மாட்ட மறப்பார்கள். ஆயில் மூடி, ஆயில் குச்சி சரியாகச் செருகாவிட்டாலும் சில வண்டிகள் தள்ளாடும். பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸையும் பாருங்கள். ஓட்டை தெரியவில்லை என்றால், சோப்புத் தண்ணீரைக் குப்பியில் ஊற்றி இணைப்புகளில் மட்டும், ஒயர் கனெக்டர்களில் படாமல் தெளியுங்கள். தெளித்த இடத்தில் என்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான். சிலர் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள். சூடான என்ஜின் மேல் அது தீப்பிடிக்கும், வேண்டாம்.

எலியை எப்படித் தடுப்பது?

தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். பாச்சை உருண்டை கட்டினேன், காருக்குள் நாற்றம் வந்ததுதான் மிச்சம். புகையிலை வைத்தேன், இரண்டு நாள் வேலை செய்தது. ஓரளவு பலன் தந்தவை: வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டி இல்லாமல் பார்த்துக்கொண்டது, புது ஹோஸுக்கு மேல் மெல்லிய கம்பி வலை சுற்றியது, இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது வண்டியை எடுத்தது. நிற்கிற வண்டியில்தான் எலி குடும்பம் நடத்துகிறது.

பெட்ரோல் போட்டுவிட்டு வந்தேன். பங்க்கைத் தாண்டியதும் ஆரம்பித்தது. பெட்ரோலில் தண்ணீரா?

இருக்கலாம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, டேங்கின் அடிக்குப் போய்விடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அதனால் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே போதும். இப்போது நம் ஊரில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் சிறிதளவு தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு தனி அடுக்காகக் கீழே இறங்கிவிடும்.

திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெக்கானிக்கை வரவழைத்து, லைனிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி அசைக்காமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் கோடு போட்ட மாதிரி இன்னொரு அடுக்கு தெரியும். அந்தப் பாட்டிலும் பங்க் பில்லும்தான் உங்கள் சாட்சி. டேங்கை இறக்கிச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றும்வரை வண்டியை ஓட்டக் கூடாது.

பங்க்கில் ஃபில்டர் பேப்பர் கேட்டு வாங்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. பெட்ரோல் சொட்டு காய்ந்தபின் கறை தங்கினால் கலப்படச் சந்தேகம். ஆனால் அது தண்ணீரைக் காட்டித்தராது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் எத்தனால்தான் காரணம் என்கிறார்களே?

மைலேஜ் கொஞ்சம் குறையும், அது உண்மை. எத்தனாலில் பெட்ரோல் அளவுக்கு எரிசக்தி கிடையாது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களைப் பற்றிய கவலையிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நேற்று வரை அதே பெட்ரோலில் ஓடிய வண்டி இன்று இரண்டு நொடியில் நிற்கிறது என்றால், எத்தனாலைத் திட்டுவதற்கு முன் மேலே உள்ளதையெல்லாம் பாருங்கள். திட்டுவது சுலபம், வண்டி ஓடாது.

வெள்ளத்தில் நின்ற வண்டி. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்தேன், ஓடி நின்றது. மறுபடி முயலட்டுமா?

கூடவே கூடாது. சாவியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துபோகும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. நின்றதோடு விட்ட வண்டிகளைச் சுத்தம் செய்து எடுக்க முடியும். ஸ்டார்ட் செய்துவிட்டால் செலவு பல மடங்கு. என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இல்லாத பாலிசியில், தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி கனெக்ஷனை எடுத்துவிட்டு, கட்டி இழுக்காமல் மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் அனுப்புங்கள்.

காலையில் ஒன்றும் இல்லை. அரை மணி ஓடிச் சூடானபின் நிற்கிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது.

கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வைக்கலாம். என்ஜின் சுற்றுகிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அது பேசாவிட்டால் ஸ்பார்க்கும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. சூட்டில் உள்ளே உள்ள மெல்லிய கம்பிச் சுருள் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். நின்றவுடன் செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் அது 200 அளவுக்காவது அசைய வேண்டும். செத்த பாம்பு மாதிரி பூஜ்யத்தில் கிடந்தால் சென்சார் அல்லது அதன் ஒயர்.

ஏசி போட்டால் மட்டும் நிற்கிறது.

ஏசி கம்ப்ரஸர் இழுக்கும் சுமைக்கு ஈடாகக் கம்ப்யூட்டர் ஐடிலிங்கைக் கூட்ட வேண்டும். த்ராட்டில் கரி இருந்தால் கூட்ட முடியாது. சுத்தம் செய்தும் போகவில்லை என்றால், கம்ப்ரஸர் இறுகிப்போயிருக்கிறதா என்று ஏசி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆல்டர்னேட்டர் போனால் இப்படி நிற்குமா?

ஸ்டார்ட் ஆன சில நொடியில் நிற்காது. ஆல்டர்னேட்டர் செத்தாலும் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை வண்டி ஓடும். விளக்கு மங்கி, ஆடியோ அணைந்து, அப்புறம்தான் நிற்கும். மல்ட்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள்: நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், ஓடும்போது 14ஐ ஒட்டி இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஸ்பார்க் பிளக் மாற்றினால் சரியாகுமா?

நேரம் கடந்திருந்தால் மாற்றுங்கள், நல்லதுதான். ஆனால் எல்லாச் சிலிண்டரின் பிளக்கும் ஒரே நாளில் சேர்ந்து போவதில்லை. ஒன்று போனால் வண்டி தட்டிக்கொண்டு ஓடும், சாதாரணமாக நிற்காது.

டீசல் வண்டி. ஃபில்டர் மாற்றிய மறுநாளிலிருந்து இப்படி.

ஏர் லாக். ஃபில்டரில் இருந்த டீசலில் கொஞ்சம் ஓடி, பின்னால் வரும் காற்றுக் குமிழியில் நிற்கிறது. கைப்பம்ப் உள்ள வண்டியில் அது கெட்டிப்படும்வரை அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். கெட்டிப்படவே இல்லை என்றால் எங்கோ காற்று நுழைகிறது. ஃபில்டரின் ரப்பர் வாஷர் இரண்டாக உட்கார்ந்திருக்கும், அல்லது ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கும். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்த விளக்கு எரிந்தால் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். இவை எதுவும் இல்லாமல் ஐடிலிங்கில் கரும்புகை கக்கி நின்றால், புகையில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பி விடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி கரியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

சிஎன்ஜி வண்டி எப்போது நிற்கிறது என்பதில் ஏதாவது குறிப்பு உண்டா?

உண்டு. பெரும்பாலான வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச நேரத்தில் கேஸுக்கு மாறும். மாறுவதற்கு முன்பே நின்றால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். சிஎன்ஜிக்காரர்கள் பெட்ரோலை மறந்துவிடுவார்கள். இரண்டு லிட்டர் பழைய பெட்ரோலோடு மாதக்கணக்கில் ஓட்டினால் பம்ப்தான் பலியாகும். விளக்கு மாறும் அந்த நொடியில் நின்றால் கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர் பக்கம். சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தம் இருக்கிறது. அதை அங்கீகாரம் பெற்றவர்களிடம் விடுங்கள், யூடியூப் பார்த்துத் திருக வேண்டாம்.

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் வாங்கலாமா?

போனோடு ப்ளூடூத்தில் இணையும் சின்ன ஓபிடி கருவி போதும். கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டை (கோட் நம்பரை) அது படித்துக் காட்டும். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0171 மெலிந்த கலவை, பி0505 ஐடில் கட்டுப்பாடு, பி0230 பம்ப் சர்க்யூட். ஆனால் குறியீடு சொல்வது புகாரைத்தான், குற்றவாளியை அல்ல. என் வண்டியும் பி0171 காட்டியது. அதைப் பார்த்துத்தான் பெட்ரோல் போதவில்லை என்று பம்ப்பை மாற்றினார்கள். காற்று அதிகம் என்றும் அதே குறியீடு சொல்லும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விளக்கே எரியாவிட்டாலும் கோளாறு இருக்கலாம்.

எத்தனை முறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம்?

ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், அடுத்ததற்கு அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். செல்ஃப் மோட்டார் சூடாகும், எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். மூடிய ஷெட்டுக்குள் இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள், வண்டியை வெளியே தள்ளிவிடுங்கள். புகையில் உள்ள விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால்?

சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங் கனமாகும், ஆனால் திரும்பும். பிரேக்கில் ஒன்றிரண்டு மிதிக்கு மட்டும் வழக்கமான உதவி மிச்சம் இருக்கும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரைப் போடுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

"வண்டி ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொன்னால் அவர் தனக்குத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிப்பார். இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, காலையில் முதல் ஸ்டார்ட்டில் நாலு நொடி ஓடி நிக்குது. மிதிச்சா ஓடுது. சாவி விளக்கு அணையுது, பம்ப் சத்தம் கேக்குது. பத்து நாள் நின்ன வண்டி." முடிந்தால் டேஷ்போர்டும் ஆர்பிஎம் முள்ளும் தெரிய, சாவி போடுவதிலிருந்து நிற்பதுவரை போனில் வீடியோ எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். பட்டறைக்குக் கொண்டுபோனதும் வண்டி நல்ல பிள்ளையாக ஓடும். அப்போது காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.